என் குரலுக்கே ஸ்ட்ரைக்கா? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் பாட்டு யாருக்குச் சொந்தம் என்று நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் எழுதியவை, அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அவர்களுக்கே. ஆரம்பிக்கும் முன் ஒரு வார்த்தைத் தகராறு. பல பேர் ‘காப்புரிமை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது கண்டுபிடிப்புகளுக்கு வாங்குகிற பேட்டன்ட். பாட்டுக்கும் புத்தகத்துக்கும் இருப்பது பதிப்புரிமை, அதாவது காப்பிரைட். பத்திரிகைகளே மாற்றி மாற்றி எழுதுகின்றன, உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அக்ரிமென்ட்டில் சரியான வார்த்தை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஆடியோ கம்பெனிக்கு ஆறு பாட்டு பாடிக் கொடுத்தேன். அதில் ஒன்றைப் போன மாதம் என் யூட்யூப் சேனலில் ஏற்றினேன். மறுநாளே காப்பிரைட் மீறல் என்று யூட்யூபின் எச்சரிக்கை, அதாவது ஸ்ட்ரைக். என் குரலை நானே போட்டால் எப்படித் திருட்டாகும்?

கோபம் நியாயமானதுதான். ஆனால் நீங்கள் ஏற்றியது உங்கள் குரலை மட்டுமல்ல, அவர்கள் எடுத்த பதிவை. நாம் ஒரே சொல்லில் ‘பாட்டு’ என்று சொல்லிவிடுவதைச் சட்டம் பிரித்துப் போட்டுப் பார்க்கிறது: வரிகளுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, இரண்டையும் சேர்த்துப் பாடி வாசித்துப் பதிந்த ஒலிப்பதிவுக்குத் தனியாக இன்னோர் உரிமை. இந்த மூன்றாவதைத்தான் தொழிலில் ‘மாஸ்டர்’ என்கிறார்கள். உலகத்தில் எந்த நாட்டுக்குப் போனாலும் ஏறக்குறைய இதே பிரிவினைதான், மாஸ்டர் முதலில் யார் கைக்குப் போகிறது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம்.

இந்தியாவின் 1957ஆம் வருடச் சட்டம் ஒலிப்பதிவின் ‘ஆசிரியர்’ என்று யாரைச் சொல்கிறது தெரியுமா? பாடியவரையும் இல்லை, மெட்டுப் போட்டவரையும் இல்லை. அந்தப் பதிவை எடுப்பதற்கான முன்முயற்சியையும் பொறுப்பையும் ஏற்றவரை, அதாவது தயாரிப்பாளரை. ஸ்டுடியோ வாடகை, வாத்தியக்காரர்கள் சம்பளம், இசைத்தட்டு அச்சடிக்கும் செலவு எல்லாம் ஒரு கம்பெனியால்தான் தாங்க முடியும் என்றிருந்த காலத்தின் கணக்கு அது. இப்போது ஒரு லேப்டாப்பும் ஒரு மைக்கும் போதும், ஆனாலும் கணக்கு மாறவில்லை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை, அது வேறு விஷயம்.

மேடையிலும் இதே சிக்கல் உண்டு, ஆனால் அங்கே உரசுவது வேறு உரிமை. 2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் போனபோது ‘அவர் பாடிய பாட்டை அவரே பாடக் கூடாதா?’ என்று ஊரே கேட்டது. அங்கே கேள்வி குரலைப் பற்றியதே அல்ல, மேடையில் மெட்டைப் பயன்படுத்த அனுமதி வாங்கியாயிற்றா என்பதுதான். உங்கள் விஷயத்தில் மெட்டும் சரி, மாஸ்டரும் சரி, இரண்டுமே உங்களிடம் இல்லை.

சரி, உங்களிடம் என்னதான் இருக்கிறது? நிகழ்த்துநர் உரிமை இருக்கிறது. 1994 திருத்தத்தில் வந்தது, இப்போது 50 வருடம் செல்லும். அதன்படி உங்கள் பாட்டு வியாபாரத்துக்குப் பயன்பட்டால் ராயல்டியில் பங்கு கேட்கலாம். பாடியது நீங்கள்தான் என்று உங்கள் பெயரைப் போடச் சொல்லலாம், உங்கள் பெயர் கெடும்படி பதிவை வெட்டிச் சிதைத்தால் தடுக்கலாம். அந்தக் கம்பெனிக்கு எழுதும்போது ‘என் குரல்’ என்று ஆரம்பிக்காமல் ‘என் ராயல்டிக் கணக்கு எங்கே’ என்று ஆரம்பியுங்கள். பல நேரம் ஸ்ட்ரைக்கைத் திரும்பப் பெற அதுவே போதும். அப்புறம், 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும், அதனால் மீதி ஐந்து பாட்டையும் வீம்புக்கு ஏற்றிவிடாதீர்கள்.

நானே எழுதி, மெட்டமைத்து, என் செலவில் பதிந்த பாட்டு. 2017இல் ஒரு லேபிள் (பாட்டு வெளியிடும் கம்பெனி) ஒன்றரைப் பக்கத் தாளில் கையெழுத்து வாங்கியது. ‘எல்லா உரிமைகளும் தரப்படுகின்றன’ என்று மட்டும் இருக்கிறது. எத்தனை வருடம், எந்த நாடு, ஒன்றும் இல்லை. மாட்டிக்கொண்டேனா?

மாட்டிக்கொண்டது அவர்கள். இந்த வாரம் வந்த கடிதங்களிலேயே எனக்குப் பிடித்தது உங்களுடையதுதான்.

இந்தியச் சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள், பத்து உட்பிரிவுதான். உரிமையை எழுதிக் கொடுக்கும் தாளில் காலம் குறிப்பிடவில்லை என்றால் அது ஐந்து வருடத்துக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். அப்படியானால் உங்கள் தாள் 2022லேயே காலாவதி. வெளிநாட்டு உரிமை அவர்களிடம் போகவே இல்லை, ஆனால் பாட்டு உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது, இல்லையா? அதற்கும் சேர்த்துக் கணக்குக் கேளுங்கள். உரிமையை வாங்கி ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாமல் போட்டு வைத்தால், தாளில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அதுவும் காலாவதிதான்.

இன்னொன்று, கையெழுத்துப் போட்ட காலத்தில் இல்லாத அல்லது வியாபாரத்துக்கு வராத ஒரு புது ஊடகத்துக்கு உரிமை தருவதாக இருந்தால் அதைப் பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும், பொத்தாம்பொதுவாக ‘எல்லாம்’ என்றால் செல்லாது. 2012இல் சேர்த்தது இது. கேசட் காலத்துத் தாளைக் காட்டிக்கொண்டு இணையத்துக்கும் உரிமை கொண்டாடுகிறவர்கள் இருந்ததால்தான் இப்படி ஒரு வரி தேவைப்பட்டது. அதே 2012 திருத்தம்தான் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிடவே முடியாது என்றும் சொல்கிறது. நீங்களே ‘எனக்கு வேண்டாம்’ என்று கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வரி வெற்று மைதான்.

ஆனால் மேலே எழுதியவர் இதைப் படித்துவிட்டுத் துள்ள வேண்டாம். ஐந்து வருடக் கணக்கு ஓடுவது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிய உரிமைக்குத்தான். அவர் பாடிய ஆறு பாட்டும் கம்பெனி தன் செலவில், தன் பொறுப்பில் எடுத்தவை. மாஸ்டர் பிறந்ததே கம்பெனி கையில், திரும்பி வருவதற்கு அதில் எதுவும் இல்லை. உங்கள் மாஸ்டர் பிறந்தது உங்கள் கையில். ஸ்டுடியோ பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரு நல்ல வக்கீலைப் பிடித்து நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்கு முன்னால் ‘பழைய ஒப்பந்தத்தைச் சும்மா புதுப்பிக்கிறோம்’ என்று லேபிளிலிருந்து ஒரு தாள் வந்தால் அதில் ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்’ என்ற இரண்டு தொடர்கள் கட்டாயம் இருக்கும். போடாதீர்கள் கையெழுத்து.

நாங்கள் நாலு பேர் சேர்ந்த பேண்ட். ஒருவன் எழுதுவான், மெட்டு எல்லாரும் சேர்ந்து. ரெக்கார்டிங் ஒரு நண்பரின் ஸ்டுடியோவில் நடந்தது. இப்போது அவர் ‘மிக்ஸ் பண்ணியது நான், மாஸ்டர் என்னது’ என்கிறார்.

அவருக்குக் காசு கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் அவர் வேலை செய்தார், நீங்கள் தயாரித்தீர்கள், மாஸ்டர் உங்கள் நாலு பேருக்கும் கூட்டுச் சொத்து. ஃபைல் அவருடைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது என்பதால் உரிமையும் அங்கே போய் உட்கார்ந்துவிடாது. காசு வாங்காமல், ‘பார்த்துக்கலாம்டா’ என்று அவரே எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்திருந்தால் கதை சிக்கல், ஏனென்றால் முன்முயற்சியும் பொறுப்பும் யாருடையது என்பதற்கு இரண்டு பக்கமும் வாதம் இருக்கும்.

அவரை விடுங்கள், உங்களுக்குள்ளேயே ஏதாவது எழுதி வைத்திருக்கிறீர்களா? இரண்டாவது பாட்டு ஹிட் ஆனபிறகு ‘எல்லாரும் சேர்ந்து’ என்பதற்கு நாலு அர்த்தம் வரும். யாருக்கு வரியில் எத்தனை சதவீதம், மெட்டில் எத்தனை, மாஸ்டரில் எத்தனை என்று ஒரே பக்கத்தில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள். இந்த வாரமே. யாரும் யாரையும் சந்தேகப்படாத நேரத்தில்தான் இதைச் செய்ய முடியும்.

முப்பது வருடமாக வயலின் வாசிக்கிறேன். ஒரு ரெக்கார்டிங் சிட்டிங்குக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். நான் வாசித்த ஒரு பிஜிஎம் இன்று எல்லார் போனிலும் ரிங்டோனாக இருக்கிறது. எனக்கு எதுவும் கிடையாதா?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், ஐயா.

1977இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. சம்பளத்துக்கு அமர்த்தி மெட்டுப் போடச் சொன்னால் அந்த மெட்டுக்கு முதல் உரிமையாளர் படத் தயாரிப்பாளரே என்று தீர்ப்பு வந்தது. அதே வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதி, பாடுகிறவருக்குச் சட்டத்தில் ஓர் இடமும் இல்லாமல் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். அதற்குப் பிறகு 17 வருடம் கழித்துத்தான் நிகழ்த்துநர் உரிமை வந்தது, இன்னும் 18 வருடம் கழித்துத்தான் அதில் ராயல்டி என்ற வார்த்தை வந்தது. இந்த உரிமை பாடகருக்கு மட்டுமல்ல, வாத்தியம் வாசிக்கிறவருக்கும் சேர்த்துத்தான். ஆனால் ஒரு முள் இருக்கிறது: திரைப்படத்தில் ஒருவரின் பங்கு போகிற போக்கில் வருவதாகவும், தொழில் வழக்கப்படி டைட்டிலிலோ வேறெங்குமோ பெயர் போடப்படாததாகவும் இருந்தால், பதிவைச் சிதைக்காமல் தடுக்கும் உரிமை தவிர மற்றபடி அவரை நிகழ்த்துநராகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெயர் போடுவது மரியாதைக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அதில் பணமும் இருக்கிறது. இனி வாசிக்கும் ஒவ்வொரு சிட்டிங்கிலும் உங்கள் பெயர் எழுதப்படுகிறதா என்று கேட்டு வாங்குங்கள், முடிந்தால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதுகிறவர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துக் கொடுக்க ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது. பாடகர்களுக்கென்று 2013இல் உருவான இந்தியப் பாடகர் உரிமைச் சங்கம் இப்போது வாத்தியக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு பெயரை மாற்றியிருக்கிறது. வாசிக்கிறவர்கள்தான் கடைசியாக உள்ளே வந்தவர்கள். மற்ற நாடுகளில் கொஞ்சம் பரவாயில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் ஒலிப்பதிவுகளின் ஆயுளை 50லிருந்து 70 வருடமாக நீட்டியபோது, அந்தக் கூடுதல் 20 வருடத்தில் கம்பெனிக்கு வரும் வருமானத்தில் 20 சதவீதத்தை, ஒரே தொகை வாங்கிக்கொண்டு போன வாத்தியக்காரர்களுக்காக ஒதுக்கச் சொன்னது. அமெரிக்காவில் இணைய வானொலி வசூலைப் பிரிக்கும்போது மாஸ்டர் உரிமையாளருக்கு 50, முதன்மைக் கலைஞருக்கு 45, பின்னணியில் பாடி வாசித்தவர்களுக்கு 5 சதவீதம். அந்தப் பணம் கலைஞரிடம் நேராகப் போகிறது, லேபிள் வழியாகச் சுற்றி வருவதில்லை. ஐந்து சதவீதம் கொஞ்சம்தான். ஆனால் பூஜ்யத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் தன் பழைய ஆல்பங்களை அப்படியே திரும்பப் பாடி வெளியிட்டாரே, அதுமாதிரி நானும் என் பழைய பாட்டைத் திரும்பப் பாடிவிடலாமா?

அந்த வரிகளும் மெட்டும் உங்களுடையதா என்பதைப் பொறுத்தது. அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்கள் 2019இல் லேபிளோடு சேர்ந்து கைமாறின, அடுத்த வருடம் இன்னொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. ஆனால் பாட்டு எழுதியவர் அவர். அதனால் புதிய பதிவு எடுக்கப் பழைய மாஸ்டர்காரரின் அனுமதி தேவைப்படவில்லை, பழையதைப் போலவே ஒலிக்கப் பாடினாலும் தவறில்லை, ஏனென்றால் மாஸ்டர் உரிமை அந்தக் குறிப்பிட்ட பதிவை நகலெடுப்பதைத்தான் தடுக்கும். காத்திருந்தது எதற்கென்றால், இத்தனை வருடத்துக்கு இதே பாட்டைத் திரும்பப் பதியக் கூடாது என்று ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து இருக்கும், அது முடிவதற்காக. 2021இலிருந்து நாலு ஆல்பம் திரும்பப் பதிந்து வெளியிட்டார், கடைசியில் 2025இல் பழைய மாஸ்டர்களையும் விலைக்கே வாங்கிவிட்டார். அந்த வசதி எல்லாருக்கும் இருக்காது என்பது தெரிந்ததுதான்.

மெட்டு உங்களுடையது இல்லையென்றால் குரல் உங்களுடையதாக இருந்தும் பயனில்லை. மெட்டுக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும், இல்லையென்றால் இந்தியச் சட்டத்தின் 31சி பிரிவு வழியாகக் கவர், அதாவது அதே பாட்டின் புதுப் பதிவு, எடுக்க வேண்டும். அதற்கு முதல் பதிவு வந்த வருடம் முடிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், முன்கூட்டியே அறிவிப்பும் ராயல்டியும் கொடுக்க வேண்டும், குறைந்தது 50,000 பிரதிகளுக்கு.

இதைவிட வேடிக்கை ஒன்று சொல்கிறேன். ஜான் ஃபோகர்ட்டி என்ற அமெரிக்கப் பாடகர் தன் பழைய பேண்ட் பாட்டுகளின் உரிமையைக் கம்பெனியிடம் விட்டுவிட்டு வெளியே வந்து புதிதாக ஒரு பாட்டு எழுதினார். அது எங்கள் கையிலிருக்கும் உங்கள் பழைய பாட்டு மாதிரியே இருக்கிறது என்று அந்தக் கம்பெனி வழக்குப் போட்டது. அதாவது, தன்னையே காப்பியடித்தார் என்று. மனிதர் நீதிமன்றத்துக்குக் கிதாரை எடுத்துக்கொண்டு போய் வாசித்துக் காட்டினார், 1988இல் ஜெயித்தார். வக்கீல் செலவை வாங்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, அது 1994இல்.

அமெரிக்காவில் 35 வருடம் ஆனால் மாஸ்டர் தானாகப் பாடகருக்குத் திரும்பிவிடுமாமே?

தானாக இல்லை, கேட்டு வாங்க வேண்டும். 1978இலிருந்து எழுதிக் கொடுத்த உரிமைகளை 35 வருடம் கழித்துத் திரும்பப் பெறலாம், அதற்குக் குறைந்தது இரண்டு வருடம் முன்னால் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்த உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் ‘சம்பளத்துக்குச் செய்த வேலை’ என்ற வகையில் வந்துவிட்டால் இது கிடையாது.

இந்த ஓட்டையில்தான் ஒரு நாடகம் நடந்தது. 1999 நவம்பரில், செயற்கைக்கோள் தொலைக்காட்சி பற்றிய ஒரு மசோதாவுக்குள், ஒலிப்பதிவுகளும் அந்த வகைதான் என்று ஒரு சின்னச் சொற்றொடரைச் செருகிவிட்டார்கள். விவாதம் எதுவும் இல்லை. ‘சும்மா தொழில்நுட்பத் திருத்தம்’ என்று சொன்னார்கள். அதில் கைவைத்த நாடாளுமன்றக் குழு ஊழியர் சில மாதங்களில் ரெக்கார்டு கம்பெனிகளின் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார் என்பது தனிக் கதை. விஷயம் வெளியே வந்ததும் டான் ஹென்லி, ஷெரில் க்ரோ போன்ற பாடகர்கள் கிளம்பினார்கள், க்ரோ நாடாளுமன்றக் குழு முன்னால் நேரில் போய் சாட்சி சொன்னார், 2000 அக்டோபரில் அந்த வரி ரத்தானது. ஒருவருக்கொருவர் போட்டியாக இருந்த பாடகர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் நடந்தது இது. இங்கே அப்படி உட்கார்ந்தால் நானும் ஒரு நாற்காலி இழுத்துப்போட்டுக்கொள்வேன்.

அப்பா பாடகர், இப்போது இல்லை. வீட்டில் அவருடைய ஒரிஜினல் டேப்புகள் இருக்கின்றன. அதை டிஜிட்டலாக்கி வெளியிடலாமா?

டேப் உங்களுடையது, அதில் இருப்பது உங்களுடையதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். கச்சேரியை அவரே பதிந்து வைத்தது என்றால் அந்தப் பதிவு வாரிசாக உங்களுக்கு வரும், பாடியவை பழைய கீர்த்தனைகள் என்றால் மெட்டுச் சிக்கலும் இல்லை. கம்பெனிக்காகப் பாடியதன் பிரதி என்றால், அது வெளியான வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருடம் கம்பெனிக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள், சில டேப்புகளுக்கு அந்தக் காலம் முடிந்தே போயிருக்கலாம். டிஜிட்டலாக்குவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். டேப்பில் பூஞ்சை பிடித்தால் சட்டத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

சில குட்டிக் கேள்விகள்:

*30 விநாடி வரை யார் பாட்டையும் பயன்படுத்தலாம் என்கிறார்களே?* எந்தச் சட்டத்திலும் இல்லை.

*பாட்டை சிடியில் போட்டு எனக்கே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினால் காப்பிரைட் வந்துவிடுமா?* பதிந்த அந்த நிமிடமே வந்துவிட்டது, தபால் செலவு மிச்சம். இந்தியாவில் பதிவு செய்வது கட்டாயம் இல்லை, ஆனால் வழக்கு என்று வந்தால் சான்றிதழ் கைகொடுக்கும்.

*என் குரலை ஏஐ வைத்து யாரோ பாட வைத்திருக்கிறார்கள்.* மாஸ்டர் உரிமை இங்கே அதிகம் உதவாது. ஆளுமை உரிமை (உங்கள் பெயர், முகம், குரலை அனுமதியில்லாமல் பயன்படுத்துவதைத் தடுக்கும் உரிமை) என்ற வழியில் போங்கள், 2024இல் அரிஜித் சிங் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் குரலுக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது.

*நாளைக்கு முதல் ரெக்கார்டிங். வக்கீலைப் பார்க்க நேரமில்லை. இன்று ராத்திரி ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால்?* தயாரிப்பாளருக்கு ஒரு வாட்ஸ்அப் போடுங்கள்: ‘நாளைய பதிவின் மாஸ்டர் யார் பெயரில், பதிவுக்கான அடையாள எண்ணை, அதாவது ஐஎஸ்ஆர்சி எண்ணை, யார் எடுக்கிறார்கள், எனக்கு ஒரே தொகையா, பங்கும் உண்டா?’ பதில் வரும்வரை தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள்.